புதுப்பிப்பு: மேல்படிக் கேற்றும் கைபிடிக் கம்பி இடைவெளியும் சரிவந்த விதம்

யோசனை சொன்ன எல்லோருக்கும் மிக்க நன்றி. நான் கேட்டது இது: கொழும்பில் கடலோர வெள்ளவத்தையில் மாடி வீடு, படியின் ஒரு பக்கம் சீமெந்துக் கல் சுவர், மறுபக்கம் உருண்டை இரும்புத் தூண். தவழும் பிள்ளை விழாமல் மேல்படியில் கேற் (சிறு தடுப்புக் கதவு) எப்படிப் பொருத்துவது?

துளையிடாமல் இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கேற் மேல்படிக்கு ஆகாது, ஸ்குரூ போட்டதுதான் வேண்டும் என்றவர் சொன்னது சரி. அழுத்தக் கேற் தள்ளத் தள்ள நகரும். அதன் அடிச்சட்டம் பெரியவர்களின் காலையும் தடுக்கும்.

தூணில் துளையிடவில்லை. 2 அங்குலச் சதுரத் தேக்குச் சட்டத்தை யூ-போல்ற்றுகளால் (தூணை வளைத்துப் பிடிக்கும் U வடிவ போல்ற்) தூணோடு இறுக்கி, கேற்றின் பிணைச்சலை அதில் பூட்டியாயிற்று. இடையில் றப்பர் பட்டி வைக்காவிட்டால் சட்டம் தூணைச் சுற்றித் திரும்பிவிடும்.

எதிர்பாராத சிக்கல் சுவரில். கல் உள்ளே பொள்ளல் என்பதால் ஸ்குரூவுக்காகத் துளையில் செருகும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காமல் சுழன்றது. துளையில் சல்லடைக் குழாய் (பசையைத் தாங்கும் கண்ணறைக் குழாய்) செருகி, இரசாயனப் பசை ஏற்றி, அது நன்றாக இறுகிய பிறகே போல்ற்றை முறுக்கினோம். இப்போது அசைவே இல்லை. கேற் மேல்தளத்தின் பக்கம் மட்டுமே திறக்கிறது. படிப்பக்கம் திறக்க விடவே கூடாது.

கைபிடிக் கம்பிகளின் இடைவெளி 10 செ.மீ.ஐத் தாண்டியதால், பிள்ளை அதனூடே நுழையாமல் 3 மி.மீ. பொலிகாபனேற் (உறுதியான பிளாஸ்டிக்) தகட்டை உட்புறமாகக் கேபிள் டையால் கட்டியிருக்கிறது. அகலக் கண் வலை வேண்டாம், விரலை மாட்டி ஏறிவிடுவார்கள். கடற்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க 316 ரக ஸ்ரெயின்லெஸ் ஸ்குரூ வாங்குங்கள்.