அப்பப்பாவின் சவரக்கத்தி: மினுக்குவதா, அப்படியே விடுவதா?

கல்லடியான்: அப்பப்பாவின் பெட்டகத்தில் இரண்டு சாமான் கிடைத்தது. ஒன்று ஷெஃபீல்ட் என்று, கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து நகரத்தின் பெயர் பொறித்த மடக்குச் சவரக்கத்தி, கறள் பிடித்திருக்கிறது. மற்றது அமெரிக்க ஜிலெட் ரேசர், முலாம் தேய்ந்து பித்தளை தெரிகிறது. டவுனில் மோட்டார் வைத்து மினுக்குகிற ஒருவர் இரண்டையும் புதுசாக்கித் தருவாராம். கொடுக்கலாமா?

பழசுப்பிரியன்: கையெடுத்துக் கும்பிடுகிறேன், கொடுக்காதீர்கள். மினுக்குச் சக்கரம் முதலில் தின்பது பொறிப்பைத்தான். ஷெஃபீல்ட் என்ற பொறிப்புக்குப் பக்கத்தில் இங்கிலாந்து என்றும் பொறித்திருக்கிறதா? 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த மக்கின்லி சட்டம் இறக்குமதிச் சாமானில் நாட்டின் பெயரைக் கேட்டது. அந்தச் சொல் இருந்தால் கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. ஜிலெட்டின் தலையைத் திருப்பிப் பாருங்கள், எழுத்தும் இலக்கமும் இருக்கலாம். ஏ1 என்றால் 1955இன் முதல் காலாண்டில் செய்தது. இதையெல்லாம் தேய்த்துவிட்டுப் பளபளப்பை வைத்து என்ன செய்வது?

மருதமுனை நெசவாளி: கறளுக்கு என்ன வரலாறு? கத்தி முகம் வழிக்கச் செய்தது, அலுமாரியில் தூங்கச் செய்ததல்ல. இந்த உப்புக் காற்றில் ‘அப்படியே’ விட்டால் மகன் காலத்தில் மிஞ்சுவது தூள்தான். நான் பழைய கத்தியில்தான் வழிக்கிறேன், தீட்டித் தோல்வாரில் இழுத்தால் புதுசெல்லாம் கிட்ட நிற்காது.

பழசுப்பிரியன்: கறளை விடச் சொல்லவில்லையே! சிவப்புக் கறளை எடுக்கத்தான் வேண்டும். இரும்பில் படிந்த கறுப்பு நிறம் வேறு, அது கேடு செய்யாது. அதையும் சேர்த்துச் சுரண்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அக்கரைப்பற்றுக் காக்கா: சலூனில் காலம் கழித்தவன் சொல்கிறேன், மோட்டார் வேண்டவே வேண்டாம். கத்தியின் வாய் பக்கம் மெல்லிசு, சூடு உடனே ஏறும். சுமார் 200 பாகையைத் தாண்டினாலே இரும்பின் பதம் இறங்கத் தொடங்கும். நீலம் பாய்ந்துவிட்டால் தீட்டத் தீட்ட மழுங்கும். எண்ணெய் தொட்டு, நைசான வோட்டர் பேப்பரால் (உப்புத்தாள்) கையாலே தேயுங்கள், பொறிப்பைத் தொடாமல். அப்புறம் தையல் மெஷின் எண்ணெய். தேங்காயெண்ணெய் பூசாதீர்கள், பிசுக்காகும். ஜிலெட்டுக்குச் சவர்க்காரமும் பழைய பல் பிரஷும் போதும், பித்தளை கறள் பிடிக்காது. சரி தம்பி, கத்திப் பிடி எதனால் செய்தது?

கல்லடியான்: தேன் நிறம் காக்கா, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுகிறது. முடியிழை போல வெடிப்புகள். ஒன்று கவனித்தேன், பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் பக்கத்தில் மட்டும்தான் கறள். வெளியே நிற்கும் வால் சுத்தமாக இருக்கிறது.

அக்கரைப்பற்றுக் காக்கா: செலுலாய்டு, பழைய காலத்துப் பிளாஸ்டிக்! விரலால் உரசி முகர்ந்து பாருங்கள், கற்பூர வாசம் அடிக்கும். நெருப்பு வைத்துச் சோதிக்காதீர்கள், குப்பென்று பிடிக்கும். அது பழுதாகும்போது அமில ஆவி விடும், கத்தியைத் தின்றது அதுதான். பிடியை அசலாகவே காப்பாற்றினால் கத்தி போகும்.

பழசுப்பிரியன்: இது நியாயம். பிடியைக் கழற்றிக் காற்றுப் படுகிற இடத்தில் தனியே வையுங்கள், எறியாதீர்கள்.

மருதமுனை நெசவாளி: பிடியில்லாத கத்தி எதற்கு? எருமைக் கொம்பில் புதுப்பிடி போடுங்கள். ஷெஃபீல்டுக்காரனே கொம்பில்தான் ஏராளமாகச் செய்தான். தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பில் எருமைக்கா பஞ்சம்?

பழசுப்பிரியன்: போடலாம். ஆனால் நாளைக்கு யாராவது அசல் என்று விற்பார்கள்.

மருதமுனை நெசவாளி: யார் விற்கப் போகிறது? அப்பப்பாவின் கத்தி! 1978 சூறாவளிக்குத் தப்பின பெட்டகமாக இருக்கும், பேரனா விற்பான்?

பழசுப்பிரியன்: பேரன் விற்கமாட்டார். பேரனின் பேரன்? பிடியின் உள்பக்கத்தில் வருடத்தைக் கீறிவிடுங்கள், அதற்குப் பிறகு எனக்கு ஆட்சேபணை இல்லை.

மருதமுனை நெசவாளி: புதுக் கொம்பில் கீறல் விழுத்தச் சொல்கிறீர். கடதாசியில் எழுதி வைத்தால் ஆகாதா?

பழசுப்பிரியன்: கடதாசி தொலையும்.

அக்கரைப்பற்றுக் காக்கா: சண்டையை மறுகா பிடியுங்கள். தம்பி, அந்தக் கத்தி இப்போது எதோடு கிடக்கிறது? ஆவி பக்கத்து இரும்புச் சாமானையும் கெடுக்கும்.

கல்லடியான்: அப்பப்பாவின் கைக்கடிகாரத்தோடு ஒரே டப்பாவில், மூடி வைத்து. எடுத்துவிட்டு வருகிறேன்.