ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ முடித்தும் சம்பளம் ஏறவில்லை, என்ன செய்யலாம்?

அக்கா, அண்ணன் எல்லாருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் 120 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஏ.என்.எம். (துணை நர்ஸ்) ஆக நாலு வருஷம் வேலை பார்த்தேன். "ஜி.என்.எம். முடிச்சு ரிஜிஸ்டர் பண்ணிட்டு வா, ஸ்டாஃப் நர்ஸ் சம்பளம் போட்டுத் தர்றோம்" என்று நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடம் சொன்னதை நம்பித்தான் கடன் வாங்கி மூன்று வருஷம் படித்தேன். நர்சிங் கவுன்சில் பதிவும் வாங்கிக் கொடுத்தாயிற்று, திரும்பச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது, இன்னும் அதே 11,500 ரூபாய்தான். ஆனால் வேலை முழுக்க ஸ்டாஃப் நர்ஸ் வேலை. ஐ.சி.யூ. நைட் டியூட்டியில் வென்டிலேட்டர் நோயாளிகளைத் தனியாகப் பார்க்கிறேன்.

அந்த மேடம் இப்போது அங்கே இல்லை. எச்.ஆரில் கேட்டால் எழுத்தில் இருக்கிறதா என்கிறார்கள். மேடம் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும் என்னிடம் இருக்கிறது.

2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 100 படுக்கைக்கு மேல் உள்ள இடத்தில் அரசு நர்ஸ் சம்பளத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது என்று பரிந்துரைத்ததே, அதைக் கடிதத்தில் குறிப்பிடலாமா? அந்த மெசேஜ் ஆதாரமாகச் செல்லுமா? தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது, அதுதான் பெரிய பயம். முதலில் அதை வாங்கிவிட்டுப் பேசுவதா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.