முதல் ஆப்பிலேயே லாகின் வேண்டுமா?

புதுமுகம்:
முதல்முறையாக ஆப் செய்கிறேன், தனி ஆள்தான். தினசரிச் செலவை எழுதி வைக்கிற ஆப், முதலில் ஆண்ட்ராய்டுக்கு. எழுதுவது, மாதக் கூட்டு பார்ப்பது எல்லாம் ஓடுகிறது. லாகினில் வந்து மாட்டிக்கொண்டேன். பாஸ்வேர்டு, ஓடிபி, மறந்தவர்களுக்கு ஒரு திரை என்று ஆப்பை விட இதுதான் பெரிதாகிக்கொண்டே போகிறது. முதல் வெளியீட்டுக்கு இது அவசியமா?

ஒற்றைக்கொம்பன்:
வேண்டவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். தன் செலவைத் தானே எழுதித் தானே பார்க்கிற ஆளிடம் நீ யார் என்று கேட்க என்ன இருக்கிறது? நாளைக்கு ஐபோனுக்குப் போனாலும், கணக்கு சார்ந்த வசதி பெரிதாக இல்லாத ஆப்பை லாகின் இல்லாமலே பயன்படுத்த விட வேண்டும் என்று ஆப்பிள் விதியிலேயே இருக்கிறது. மீறிக் கணக்கு தொடங்க வைத்தால் அதை ஆப்புக்குள்ளேயே அழிக்கவும் வழி கொடுக்க வேண்டும், 2022 ஜூன் 30 முதல் அங்கே அது கட்டாயம். கூகுள் பிளேயிலும் அதே கதைதான், போதாததற்கு ஆப்பை நீக்கிவிட்டவரும் கணக்கை அழிக்கச் சொல்லிக் கேட்கும்படி தனியாக ஒரு வலைப்பக்கம் வேறு. ஒரு திரைதானே என்று ஆரம்பிப்பீர்கள், அப்புறம் பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் பதில் எழுதுவதே வேலையாகிவிடும்.

மழைக்காகம்:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு வருடக் கணக்கை எழுதி வைத்தவர் போனைத் தொலைத்துவிட்டு, புதுப் போனில் ஆப்பை இறக்கித் திறந்தால் பூஜ்யம். அவரிடம் போய் ஆப்பிள் விதியை ஒப்பித்துப் பாருங்கள்! ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். இந்த மாதிரி ஆப்பில் சரக்கே பழைய கணக்குதான், அதைக் காப்பாற்றாத ஆப் எதற்கு? பிறகு லாகின் சேர்த்துக்கொள்ளலாம் என்பதும் சொல்ல எளிது. போனுக்குள் 1, 2, 3 என்று எண் போட்டுச் சேமித்த பதிவுகளைச் சர்வருக்கு ஏற்றும் நாளில் எல்லாருடைய 1, 2, 3-ம் ஒன்றோடொன்று மோதும்.

ஒற்றைக்கொம்பன்:
காகம் அண்ணே, எண் மோதாமல் இருக்க லாகின் எதற்கு? முதல் நாளே ஒவ்வொரு பதிவுக்கும் யூயூஐடி, அதாவது வேறெதனோடும் மோதாத நீளமான அடையாள எண், கொடுத்தால் தீர்ந்தது. போன் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆண்ட்ராய்டு 6.0-லிருந்தே தானியங்கி பேக்கப் இருக்கிறது, ஆப் ஒன்றுக்கு 25 எம்பி வரை பயனரின் கூகுள் டிரைவில் போய் உட்காரும். செலவுக் கணக்கு வெறும் எழுத்துதான், அதற்கு 25 எம்பி தாராளம்.

சர்வர் பக்கம் போனால்தான் காசு. கூகுளின் ஆன்லைன் டேட்டாபேஸான ஃபயர்ஸ்டோரில் நாளுக்கு 50,000 ஆவண வாசிப்பு (ஒரு பதிவை ஒருமுறை எடுத்தால் ஒரு வாசிப்பு) இலவசம், கேட்டால் பெரிய எண்ணாகத் தெரியும். ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் எல்லாப் பதிவையும் இழுக்கிற மாதிரிதான் புதியவர்கள் முதலில் எழுதுவார்கள். 400 பதிவு வைத்திருப்பவர் நாளுக்கு 10 முறை திறந்தால் 4,000 வாசிப்பு. இப்படிப் பதின்மூன்று பேர் சேர்ந்தால் இலவசம் காலி.

மழைக்காகம்:
இந்த மாதப் பதிவை மட்டும் கேட்டு எழுதத் தெரியாதவர் போனுக்குள் எழுதினாலும் சொதப்பத்தான் செய்வார், அதற்குச் சர்வர் என்ன செய்யும்? பேக்கப் கதைக்கு வருகிறேன். போனில் பேக்கப்பை அணைத்து வைத்திருந்தால் அது கிடையாது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போனாலும் கிடையாது. அந்த ஆளுக்கு உங்களிடம் என்ன பதில் இருக்கிறது?

ஒற்றைக்கொம்பன்:
ஏற்றுமதி பட்டன். எல்லாவற்றையும் ஒரு சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாகக் கொடுத்துவிட்டால் அவர் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

குறுக்குச்சால்:
இரண்டு பேரும் போன் தொலைவதையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், புதியவரின் ஆப்பில் டேட்டாவை அழிப்பது பெரும்பாலும் அவருடைய அப்டேட்தான். முதல் பதிப்பில் தொகையும் தேதியும் மட்டும் இருக்கும், அடுத்ததில் "வகை" என்று டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்ப்பார், தன் போனில் ஆப்பை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்ப்பார், ஓடும், வெளியிடுவார். பழைய பதிப்பு இருக்கிற போனில், டேட்டாவைப் போனுக்குள் சேமிக்க ஆண்ட்ராய்டில் பயன்படுத்தும் ரூம் லைப்ரரி பழைய டேபிளைப் பார்த்துவிட்டு, மைக்ரேஷன் (பழைய டேபிளைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் கோடு) எங்கே என்று கேட்டு அங்கேயே கிராஷ் ஆகும். பதறிப்போய்த் தேடினால் கையில் கிடைப்பது ஃபால்பேக் டு டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன் என்ற ஒரு வரி. அதைச் சேர்த்ததும் கிராஷ் போய்விடும். பழைய டேபிளை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதால்தான் போகிறது, பயனரின் கணக்கும் கூடவே போய்விடும். பிளேயில் பழைய பதிப்பை அப்படியே திருப்பி வைக்கவும் முடியாது, இன்னும் பெரிய பதிப்பு எண்ணோடு புதிதாக ஒன்று ஏற்றியாக வேண்டும், ஆனால் அழிந்தது அழிந்ததுதான்.

லாகின் வைக்கிறீர்களோ இல்லையோ, பழைய பதிப்பைப் போனில் போட்டு, பதிவுகளை நிரப்பி, நீக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டுப் பாருங்கள். புதியவர்களில் இதைச் செய்கிறவர்கள் குறைவு.

புதுமுகம்:
அந்த வரி என் கோடில் இப்போதே இருக்கிறது, ஒரு பாடத்தில் பார்த்து எடுத்தது! சரி, அதை எடுத்துவிட்டு மைக்ரேஷன் எழுதுகிறேன், லாகினும் போகட்டும். வெளியிடும் முன் 12 பேர் சோதிக்க வேண்டும் என்கிறார்களே, அது உண்மையா?

ஒற்றைக்கொம்பன்:
உண்மைதான். பிளேயில் ஆப் வெளியிட நீங்கள் வைத்திருப்பது 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் ஆப்பை இறக்கிப் பார்ப்பது) இருக்க வேண்டும். அதை வெறும் சடங்காக ஓட்டாதீர்கள் தம்பி. நடுவில் ஒரு அப்டேட் விட்டு, குறுக்குச்சால் சொன்னது அவர்கள் போன்களில் நடக்கிறதா என்று பாருங்கள். லாகின் இருந்தால் அந்த 12 பேரில் பாதிப் பேர் முதல் திரையோடு நின்றுவிடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மழைக்காகம்:
லாகின் விஷயத்தில் நான் மாறவில்லை. இரண்டு போனில் ஒரே கணக்கு வேண்டும் என்று முதல் ஆள் கேட்கும்போது இங்கேதான் திரும்பி வருவீர்கள். இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள், ஏற்றுமதியோடு இறக்குமதியையும் சேர்த்து எழுதுங்கள். வெளியே எடுத்த சிஎஸ்வியைத் தானே திரும்பப் படிக்கத் தெரியாத ஆப்கள் நிறைய இருக்கின்றன. தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று வையுங்கள், குறிப்பில் யாராவது காற்புள்ளி போட்டால் வரி உடையாமல் மேற்கோளுக்குள் எழுதுங்கள்.