மட்ஸாவுக்குப் 'புளிப்பிலி' பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

உணவுக் கலைச்சொல் பட்டியலில் இப்போது 'ம' வரிசை. யூதர்கள் பஸ்கா பண்டிகையில் உண்ணும் மட்ஸா என்ற தட்டை ரொட்டிக்கு இதுவரை வந்திருப்பவை: புளிப்பில்லாத அப்பம், புளிப்பற்ற அப்பம், நொதியா அடை, புளிப்பிலி. எனக்குப் புளிப்பிலி பிடித்திருக்கிறது. கம்பியிலி, முதுகெலும்பிலி மாதிரி ஒரே சொல்லாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் அதையே ஏற்றிவிடலாமா?

மறுமொழி 1

ஐயா, மறுக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

> கம்பியிலி, முதுகெலும்பிலி மாதிரி ஒரே சொல்லாக நிற்கிறது.

நிற்கிறது, சரி. ஆனால் 'இலி' என்ன சொல்கிறது? ஒன்றிடம் இன்னொன்று இல்லை என்கிறது, அவ்வளவுதான். மண்புழுவுக்கு முதுகெலும்பு என்றைக்கும் இருந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை. மட்ஸாவின் விவகாரம் வேறு. புளிக்கக்கூடிய மாவில் செய்தால்தான் அது மட்ஸா. கோதுமை, வாற்கோதுமை, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் ஆகிய ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது யூத மரபு. அரிசிக்கு அங்கே இடமில்லை. யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தால்மூதில், பஸ்காவைப் பற்றிய பெசாகிம் பகுதியில் இதற்குக் காரணமும் இருக்கிறது: அரிசி மாவிலும் தினை மாவிலும் தண்ணீர் பட்டால் அவை புளிப்பதில்லை, கெட்டுத்தான் போகின்றன, எது புளிக்குமோ அதில்தான் மட்ஸா செய்ய முடியும். இட்லி மாவு பொங்கி வழிந்து அடுப்படியைத் துடைத்துப் பழகிய நமக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். அதை விடுங்கள், விதியின் போக்கைப் பாருங்கள். புளிப்பு வரும் வாய்ப்பு இருந்து, அது வருவதற்குள் சுட்டு எடுத்திருக்க வேண்டும்.

கேரளத்தில் நசுராணிக் கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவு, குடும்பத் தலைவர் பிட்டுக் கொடுக்க, பெசஹா அப்பம் சாப்பிடுகிறார்கள். அரிசியும் உளுந்தும் அரைத்து, புளிக்க விடாமல் செய்வது. நம் பட்டியல்படி அதுவும் புளிப்பிலிதான். யூதச் சட்டப்படி அது மட்ஸா ஆகாது. இரண்டையும் ஒரே பெட்டியில் போடும் சொல் நமக்கு எதற்கு?

செய்முறையைப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று தெரியும். மாவு, தண்ணீர், அவ்வளவுதான், உப்புக்கூடக் கிடையாது. கையால் செய்யும் அடுமனைகளில் மாவுக்குத் தனி அறை, தண்ணீருக்குத் தனி அறை. மாவு அளப்பவர் தண்ணீர்ப் பக்கம் போவதில்லை. இரண்டும் சேர்ந்த நொடியிலிருந்து 18 நிமிடத்துக்குள் பிசைந்து, தேய்த்து, துளையிட்டு, சுட்டு முடிக்க வேண்டும். மில் என்பது பழைய தூர அளவு. ஒரு மில் நடக்க ஆகும் நேரம் என்று பழைய நூல்கள் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் 18 நிமிடமாகக் கணக்கிட்டார்கள். சட்டத்தைக் கறாராகப் பார்த்தால், கை ஓயாமல் பிசைந்துகொண்டே இருக்கும் மாவு புளித்ததாகாது. சும்மா கிடக்கும் மாவுக்குத்தான் அந்தக் கெடு. ஆனாலும் வழக்கத்தில் மொத்த வேலையையுமே அந்த நேரத்துக்குள் அடக்கிவிடுகிறார்கள்.

ஒரு நீள மேசையின் இரு பக்கமும் ஆட்கள் நின்று, காகிதம் போல மெல்லிசாகத் தேய்க்கிறார்கள். அடுத்த ஆள் அதன்மேல் முள் உருளையை ஓட்டுகிறார். காகிதம் சுற்றிய நீளக் கம்பில் அதைத் துணிபோலத் தொங்கவிட்டுக் கொண்டுபோய், தகிக்கும் அடுப்பில் கம்பை ஒரு சுற்றுச் சுற்றி உதறிப் பரப்புகிறார் இன்னொருவர். ஒரு நிமிடம்கூட ஆகாது, வெந்து வெளியே வந்துவிடும். வேலை நடக்கும்போதே 'மட்ஸா கட்டளைக்காக' என்று எபிரேயத்தில் உரக்கச் சொல்லிக்கொள்வார்கள். இன்ன நோக்கத்துக்காகச் செய்கிறோம் என்ற நினைவு தவறக் கூடாது. கெடு முடிந்ததும் மேசைக் காகிதம் மாறும், தேய்க்கும் கட்டைகள் மாறும், கை கழுவியாக வேண்டும், நக இடுக்கு வரை. பழைய சுற்றின் மாவு ஒரு பொட்டுக்கூடப் புதியதில் ஒட்டக் கூடாது. அடுப்பில் பூரி மாதிரி உப்பினாலோ ஓரம் மடிந்து ஒட்டிக்கொண்டாலோ அதைக் கழித்துவிடுவார்கள். உள்ளே வேகாத மாவு நின்றிருக்கலாம் என்ற பயம். துளையிடுவதே ஆவி வெளியேறி, உப்பாமல் இருக்கத்தான்.

இத்தனையும் பார்த்த பிறகு 'இலி' எனக்குச் சப்பென்று இருக்கிறது. என் பரிந்துரை புளியா அப்பம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். சாகா வரம், இறவாப் புகழ் மாதிரி. இந்த வடிவம் காலம் காட்டாது. புளிக்கவில்லை, புளிப்பதில்லை, இனிப் புளிக்காது என மூன்றும் ஒரே சொல்லில் அடங்கும். மட்ஸாவுக்கு மூன்றுமே பொருந்தும். மாவாக இருந்தபோது புளிக்கவில்லை. நன்றாக வெந்துவிட்டால் பிறகு தண்ணீரில் ஊறினாலும் புளிக்காது என்பது சட்டம். அதனால்தான் பல வீடுகளில் மட்ஸாவைப் பொடித்து உருண்டை பிடித்து சூப்பில் போடுகிறார்கள். மரபில் கறாரான ஹசிதிய யூதர்களில் பலர் இதையும் ஒத்துக்கொள்வதில்லை. வேகாத மாவு எங்காவது மறைந்திருந்தால் என்ன செய்வது என்று பண்டிகையின் முதல் ஏழு நாளும் மட்ஸாவை நனைக்காமலே தின்கிறார்கள்.

> புளிப்பு என்பது சுவை. இங்கே நடப்பது நொதித்தல். எனவே நொதியா அடை.

நொதியா அடையை முன்வைத்தவரின் வாதம் இது. அறிவியலாகப் பார்த்தால் சரிதான். ஆனால் எபிரேயரும் சுவையிலிருந்துதான் போயிருக்கிறார்கள். புளித்த மாவுக்கு அவர்கள் சொல் ஹாமெட்ஸ், வினிகருக்கு ஹோமெட்ஸ். ஒரே வேர். நம் பாட்டி 'மாவு புளிச்சிருச்சா?' என்று கேட்பதும் அதே பார்வைதான். இவ்வளவு பொருந்தி வரும் சொல்லை விட்டுவிட்டு ஆய்வகச் சொல்லைத் தேடுவானேன்? அடை என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. தமிழ் வேதாகமத்தில் அடையும் உண்டு, அதிரசம்கூட உண்டு. யாத்திராகமம் 29இல் எண்ணெய் சேர்த்த பலகாரங்களுக்கு அவற்றைப் போட்டிருக்கிறார்கள். எண்ணெயே படாத மட்ஸாவுக்கு அடை சேராது. அப்பம் என்றதும் ஓரம் முறுகிய ஆப்பம் நினைவுக்கு வருவது உண்மை. பரவாயில்லை. ஏமன், ஈராக் யூதர்களின் மட்ஸா மெத்தென்றுதான் இருக்கும். மொறுமொறு என்பது அதன் இலக்கணம் அல்ல.

மட்ஸா என்ற எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வார்த்தை. கிரந்தம் வேண்டாம், மட்சா என்று எழுதலாம் என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். ஜப்பான் பச்சைத் தேநீர்த்தூளை ஏற்கெனவே அப்படித்தான் எழுதுகிறோம். பஸ்காவுக்குத் தேநீர் போட வேண்டாமே.

அடுத்து, பிசையும் தண்ணீர். அந்தி நேரத்தில் மொண்டு, ஓர் இரவு முழுக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரில்தான் பிசைய வேண்டும். சூடான நீர் மாவைச் சீக்கிரம் புளிக்கவைத்துவிடும். எபிரேயத்தில் 'மாயிம் ஷெலானு'. இதற்கு யாரோ 'வைகுநீர்' என்று போட்டிருக்கிறார்கள். அழகான சொல், ஒப்புக்கொள்கிறேன். வைகறை வரை தங்கிய நீர். ஆனால் இதே சொல்லுக்கு ஏற்கெனவே ஒருமுறை நடந்த கூத்தைத் தால்மூதே சொல்கிறது. ரவ் மத்தனா என்ற ஆசிரியர் பப்புனியா என்ற ஊரில், பெண்கள் 'ஷெலானு' தண்ணீரில்தான் மாவு பிசைய வேண்டும் என்று பிரசங்கம் செய்தார். மறுநாள் ஊரே குடத்தோடு அவர் வீட்டு வாசலில் நின்றது: தண்ணீர் கொடுங்கள்! இரவு தங்கிய என்ற பொருளில் அவர் சொன்ன 'ஷெலானு'வுக்கு 'எங்களுடைய' என்றும் பொருள் உண்டு. எங்கள் வீட்டுத் தண்ணீரில்தான் பிசைய வேண்டும் என்று அவர் சொன்னதாக ஊர் எடுத்துக்கொண்டுவிட்டது. பிறகு அவர் மக்கள் பேசிய அரமேய மொழியில், ராத்தங்கிய தண்ணீரைத்தான் சொன்னேன் என்று விளக்க வேண்டியதாயிற்று. நாம் வைகுநீர் என்று அச்சடித்தால், மதுரைப் பக்கம் நிச்சயம் வைகை நீர் என்றுதான் படிப்பார்கள். எனவே இராத்தங்கிய நீர். நீளம்தான், ஆனால் குடத்தோடு யாரும் வரமாட்டார்கள்.

'ஷ்முரா' மட்ஸாவுக்குக் காப்பு மட்ஸா என்று பார்த்தேன். காப்பு கட்டுவது, கைக்காப்பு என்று மனம் எங்கெங்கோ போகிறது. விஷயம் இதுதான்: அறுவடை நாளிலிருந்தே கோதுமையில் ஈரம் படாமல் ஆள் வைத்துக் காப்பது. பண்டிகையின் முதல் இரவு விருந்தான சேடெருக்கு இதைத்தான் விரும்பி வாங்குவார்கள். காத்த மட்ஸா என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கோதுமைக்கும் அதே அடைமொழி: காத்த கோதுமை.

கை மட்ஸா, எந்திர மட்ஸா என்ற பிரிவையும் பட்டியலில் சேருங்கள். பின்னால் பெரிய சண்டையே இருக்கிறது. 1838இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் உள்ள ரிபோவில்லேயில் ஐசக் சிங்கர் என்பவர் மாவு தேய்க்கும் எந்திரம் செய்தார். 1859இல், இன்று உக்ரைனில் உள்ள பிரோடி நகரத்து ரபி (யூத மதகுரு) சாலமன் குளூகர், கூடாது என்றார். லெம்பெர்க்கின் (இன்றைய லிவிவ்) ரபி ஜோசப் சவுல் நாதன்சன், தாராளமாகக் கூடும் என்றார். பற்சக்கரங்களில் மாவு சிக்கிப் புளித்துவிடாதா, எந்திரத்துக்கு நோக்கம் ஏது, மாவு தேய்த்துப் பிழைத்த ஏழைப் பெண்கள் என்ன ஆவார்கள் என்றெல்லாம் வாதம் நடந்தது. வட்டமாக வெட்டினால் மிஞ்சும் துண்டு மாவு சேர்ந்து, திரும்பப் பிசைவதற்குள் நேரம் கடந்துவிடும் என்ற கவலையும் இருந்தது. சதுரமாக வெட்டினால் அந்த மிச்சமே இல்லை. கடையில் இன்று பெட்டியில் வாங்கும் மட்ஸா சதுரமாகவும், கையால் செய்தது கோணல்மாணல் வட்டமாகவும் இருப்பது இதனால்தான். 1888இல் சின்சினாட்டியில் மானிஷெவிட்ஸ் ஆலை தொடங்கிய பிறகு அமெரிக்காவில் சதுரம் பெரும்பாலும் ஜெயித்துவிட்டது. ஹசிதியர்களில் பலர் மட்டும் இன்றும் கை மட்ஸாவை விடுவதில்லை.

மறுமொழி 2

அம்மா, விளக்கங்கள் அருமை. ஆனால் நாங்கள் சிறுவயதிலிருந்து வேதத்தில் 'புளிப்பில்லாத அப்பம்' என்றுதான் வாசித்து வருகிறோம். பண்டிகையின் பெயரே புளிப்பில்லாத அப்பப்பண்டிகை. பிரசங்கியார் திடீரென்று புளியா அப்பம் என்றால் சபையில் யாருக்கும் ஓடாது. அதோடு, அச்சில் பார்த்தால் கேள்விக்குறி விட்டுப்போனது போல இருக்கிறது. புளியா? அப்பமா?

மறுமொழி 3

அண்ணா, அந்தக் கேள்விக்குறி எனக்கும் இரண்டு நாளாக உறுத்திக்கொண்டுதான் இருந்தது. வேதாகமத்தில் யாரும் கைவைக்கச் சொல்லவில்லை. அங்கே அது பலகாரத்தின் பெயர். நாம் பட்டியல் போடுவது ஒரு தொழிலுக்கு. வேதாகமத்திலிருந்து ஒரு சொல்லை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவும் விரும்புகிறேன்: உபாகமம் 16இல் வரும் 'சிறுமையின் அப்பம்'. இதைவிட நல்ல சொல் கிடைக்காது. முட்டையும் பழச்சாறும் சேர்த்துப் பிசைந்த மட்ஸா சேடெர் இரவுக்குச் செல்லாது என்பதற்கு அதுவே காரணம். ருசி கூடிவிட்டால் சிறுமை எங்கே? மேசையில் வைக்கும் மூன்று மட்ஸாக்களில் நடுவில் உள்ளதை உடைத்து, பெரிய பாதியை ஒளித்துவைப்பதும் அதையொட்டித்தான். ஏழைக்கு முழு ரொட்டி ஏது, துண்டுதானே கிடைக்கும் என்கிறார்கள். ஒளித்த பாதியைப் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்து, பரிசு கிடைத்தால்தான் தருவார்கள். அதன் பெயர் அஃபிகோமான். அதை அப்படியே விட்டுவிடலாம்.

புளியாவுக்குப் பதில் புளிக்காத அப்பம் என்றால் உங்களுக்குச் சம்மதமா? மாவு புளிக்கவில்லை என்று வீட்டில் சொல்வதோடு ஒட்டிப்போகும், கேள்விக்குறியும் தொலைந்தது. தலைச்சொல்லாக மட்ஸா, அடுத்து புளிக்காத அப்பம் என்று போடலாம்.

முள் உருளைக்கு மட்டும் வேறு சொல் வேண்டும். முள் என்றால் குத்திக் கிழிப்பது போல இருக்கிறது. பிஸ்கட் ஆலையில் வேலை பார்த்தவர்கள் யாராவது குழுவில் இருந்தால், அங்கே அதை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள்.