புதுப்பிப்பு: ஸ்டீரியோ பதிவில் எல்லாம் நடுவிலேயே குவிந்த பிரச்சினை தீர்ந்தது

இரண்டு கிடார்களைப் பதிவு செய்தால் இடம் வலம் பிரியாமல், டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் ரெக்கார்டரை வைத்த இடம்தான்.

வாசிப்பவர்கள் 2 மீட்டர் இடைவெளியில். ரெக்கார்டரோ 4 மீட்டர் தள்ளி. அங்கிருந்து பார்த்தால் இருவருக்கும் இடையே 30 டிகிரிகூட இல்லை. ரெக்கார்டரில் குறுக்காக 90 டிகிரியில் நிற்கும் இரண்டு மைக்குகளுக்கு அது கிட்டத்தட்ட ஒரே திசை. ஒன்றரை மீட்டருக்கு நகர்த்தியதும் கோணம் 67 டிகிரிக்கு மேல் போனது. இடப்பக்கக் கிடாரின் கம்பியில் விரல் வழுக்கும் சத்தம்கூட இடக்காதில் தனியாக விழுந்தது. அப்படியொரு சந்தோஷம்!

டப்பா ஓசைக்கு ரெக்கார்டரை வைத்திருந்த மேசைதான் காரணம். அதில் பட்டுத் திரும்பிய ஒலி நேரடி ஒலியோடு மோதியிருக்கிறது. முக்காலியில் ஏற்றியதும் போய்விட்டது. கிட்டே வந்ததால் பதிவாகும் ஒலியின் அளவை (லெவல்) குறைத்து, உச்சத்தை மைனஸ் 12 டெசிபல் அருகே வைத்தேன்; பூஜ்யத்தைத் தாண்டினால் ஒலி சிதையும்.