புதுப்பிப்பு: யு விசாவுக்கு போலீஸ் கையெழுத்து தாமதமானால்

குற்றத்துக்கு ஆளான புலம்பெயர்ந்தோருக்கு அமெரிக்கா தரும் யு விசா பற்றிய போன இழையில், "கலிபோர்னியாவில் போலீஸ் சான்றிதழ் தராமல் இழுத்தடித்தால் என்ன வழி?" என்று கேட்டிருந்தீர்கள். பாதிக்கப்பட்டவர் விசாரணைக்கு உதவினார் என்று போலீஸ் தரும் சான்றிதழ் அது.

மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 679.10 பிரிவு கெடு வைத்திருக்கிறது. கோரிக்கை கிடைத்த 30 நாளுக்குள் சான்றிதழுக்கான படிவமான ஐ-918 துணைப்படிவம் பி-யை போலீஸ் முடிக்க வேண்டும். நாடுகடத்தல் வழக்கு நடந்தால் 7 நாள்தான். அந்த வழக்கின் நோட்டீஸ் நகலைக் கோரிக்கையோடு இணையுங்கள், இல்லாவிட்டால் சாதாரண வரிசையில் போய்விடலாம். குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்கவில்லை என்பது மறுக்கக் காரணமே அல்ல.

கையெழுத்தான நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பம் குடிவரவுத் துறையில் தாக்கலாக வேண்டும். பலருக்கு இங்கேதான் சறுக்குகிறது. துறைத் தலைவரோ, அவர் இதற்கென நியமித்த மேலதிகாரியோதான் கையெழுத்திட முடியும். அந்தப் பொறுப்பு தரப்படாத விசாரணை அதிகாரி நல்லெண்ணத்தில் போட்டுக் கொடுத்தாலும் செல்லாது.

போலீஸைக் கண்காணிக்கும் பொதுமக்கள் ஆணையம் சான்றிதழ் தராது. ஆனால் துறையின் நடைமுறையைக் கேள்வி கேட்க அதுவே சரியான இடம். கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் 2016 வாக்கெடுப்பில் உருவான போலீஸ் ஆணையம் அப்படிப்பட்டது. எத்தனை கோரிக்கை வந்தது, எத்தனையில் கையெழுத்தானது, எத்தனை மறுக்கப்பட்டது என்று கேளுங்கள். ஆண்டுதோறும் சட்டமன்றத்துக்குத் தர வேண்டிய கணக்கு இது, கைவசம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆணையத்துக்கு எழுதும்போது பாதிக்கப்பட்டவரின் பெயர், வழக்கு எண் எதையும் குறிப்பிடாதீர்கள். ஆணையத்தின் கூட்ட ஆவணங்களை யாரும் படிக்கலாம்.