எதிர்பார்த்துப் போய் ஏமாந்த அந்தக் காட்சி எது?

ஈசூன் வாசகி

மணிமேகலை வரவே இல்லை. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

படத்தின் இரண்டாம் பாகம், 2023 ஏப்ரல் கடைசி. அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். பைண்டு செய்த பழைய கல்கி இதழ்களில் கதையைப் படித்து வளர்ந்தவர். நந்தினி, குந்தவை எல்லாரும் அவருக்கு அப்புறம்தான். கடம்பூர்ச் சம்புவரையர் மகள் மணிமேகலைதான் செல்லம். வந்தியத்தேவனை ஒருதலையாகக் காதலித்து, சித்தம் கலங்கி, கடைசியில் அவன் மடியிலேயே உயிரை விடுகிறாளே, அவள். ஐந்து பாகக் கதையைக் கல்கி முடிப்பதே அவள் சாவில்தான்.

திரையில் கடம்பூர் மாளிகை வந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். மடியிலிருந்த கைப்பையைக் காலடியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் என் முழங்கையில் ஒரு தட்டு. “எங்கே அந்தப் பெண்?” “வருவாள் அம்மா, பாருங்கள்.” கரிகாலன் செத்துப்போனான். மறுபடியும் தட்டு. “இனி எப்போது வந்து, எப்போது சாவாள்?” முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். பெயர்கள் ஓடத் தொடங்கிய பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது, “ஐஸ்வர்யா ராய் அழகாக இருந்தாள்” என்று மட்டும் சொன்னார். அதை அவர் பாராட்டாகச் சொல்லவில்லை.

உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்குமே? சொல்லுங்கள்.

பொத்தோங் பாசிர் ரசிகன்

எனக்குச் சேந்தன் அமுதன். பூக்குடலையோடு திரிகிற அந்தச் சிவபக்தன்தான் உண்மையான மதுராந்தகன் என்று நாவலில் உடைகிற இடம்! படத்தில் அந்த முடிச்சே இல்லை. பூத்தொண்டு செய்ய வந்தவர் பூத்தொண்டோடு போய்ச் சேர்ந்தார். அவ்வளவுதான் என் குறை.

ஆனால் வாசகி, உங்கள் அம்மா சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எம்ஜிஆர் 1958இலேயே உரிமை வாங்கி வைத்திருந்தார், எடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை பேர் கைவைத்துப் பின்வாங்கினார்கள்! இரண்டு பாகமும் சேர்த்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். அதற்குள் பழையாறை, தஞ்சை, இலங்கை, நாகப்பட்டினம் எல்லாம் வர வேண்டும். யாரையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். கொத்தமங்கலம் சுப்பு ‘தில்லானா மோகனாம்பாள்’ நாவலை எவ்வளவு நீளமாக எழுதினார் என்று படித்தவர்களுக்குத் தெரியும். 1968இல் வந்த படத்தில் அதில் பாதிகூட இல்லை. யாராவது குறை சொல்கிறார்களா?

நாவலைப் படமாக்கினால் எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒரு முறை வைத்திருக்கிறேன், உங்கள் அனைவருக்கும் பயன்படும். படம் வருவதற்கு முந்தைய ஆறு மாதம் நாவலைத் தொடக்கூடாது. தொட்டால் வசனம் வசனமாக நினைவுக்கு வந்து உயிரை வாங்கும். முதல் வார இறுதியில் போகக்கூடாது. வார நாளில் மதியக் காட்சிக்குப் போங்கள், டிக்கெட்டும் மலிவு, கூட்டமும் இருக்காது. நாவல் படிக்காத ஒருவரைக் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள். அவர் வியக்கும் இடங்களில் நமக்கும் கொஞ்சம் வியப்பு ஒட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து நான்காவது வரிசை நல்லது, அங்கேதான் ஒலி சீராகக் கேட்கும். வயதானவர்களைத் திரையரங்குக்கே அழைத்துப் போகாதீர்கள். இணையத்தில் வந்த பிறகு வீட்டில் போட்டுக் காட்டினால் அவர்கள் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்கலாம், முன்வரிசைக்காரர்களுக்கும் நிம்மதி. பார்த்து முடித்த மூன்றாம் நாள் நாவலை எடுத்துத் திரும்பப் படியுங்கள். மனம் தானாக ஆறிவிடும்.

உட்லண்ட்ஸ் பேரன்

‘இந்தியன் 2’. எல்லாரும் திட்டி முடித்த படம், தெரியும். என் குறை வேறு.

எங்கள் தாத்தா ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்துப் பையன். அந்தத் தோட்டங்களிலிருந்து போன எத்தனையோ தமிழ் இளைஞர்களைப் போல நேதாஜியின் படையில் சேர்ந்தவர். 1943 ஜூலையில் சிங்கப்பூரின் பாடாங் திடலில் நேதாஜி அணிவகுப்பைப் பார்வையிட்டபோது தான் எந்த வரிசையில் நின்றார் என்று கையால் காட்டுவார். எஸ்பிளனேட் பூங்காவில் படையின் நினைவுச்சின்னம் இருந்தது, 1945இல் திரும்பி வந்ததும் பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினார்கள். இப்போது அங்கே இருப்பது 1995இல் வைத்த அடையாளக்கல். அதற்கு அடுத்த ஆண்டு ‘இந்தியன்’ வந்தது. சேனாபதி நேதாஜியின் படைவீரன் என்று தெரிந்த நாளிலிருந்து தாத்தாவுக்கு அது சினிமா இல்லை, பழைய தோழர் ஒருவரைப் பற்றிய செய்தி.

வீடியோ நாடாவில் அந்தப் பின்கதை வந்தால் பிரம்பு நாற்காலியில் முதுகு நேராகிவிடும். ரிமோட்டை வாங்கி ஒலியைக் கூட்டுவார். தொப்பி அணிந்த கோணம் தவறு என்று ஒவ்வொரு முறையும் சொல்வார், தன் இரண்டு விரலை வலப் புருவத்துக்கு மேல் வைத்துச் சரியான இடத்தைக் காட்டுவார். வேறு யாரும் அப்போது பேசக்கூடாது.

2024 ஜூலையில் தனியாகத்தான் போனேன். தாத்தா இல்லாமல் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சேனாபதி தைப்பேயில் இருக்கிறார் என்றதும் எனக்குச் சிலிர்த்தது. 1945 ஆகஸ்டில் நேதாஜியின் விமானம் விழுந்த ஊர்! இதைச் சும்மா வைத்திருக்க மாட்டார்கள் என்று காத்திருந்தேன். எனக்குள் எழுந்த அளவில் கால்வாசிகூடத் திரையில் எழவில்லை. வர்மக்கலை, துரத்தல், இன்னொரு ஊழல்காரர், இன்னொரு வர்மக்கலை.

கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? படம் முடிந்து மூன்றாம் பாகத்தின் முன்னோட்டம் ஓடியது. பிரிட்டிஷ் ஆட்சி, சேனாபதியின் தந்தை, சுதந்திரப் போராட்டம்! நான் டிக்கெட் வாங்கியதே இதற்குத்தான். அதற்குள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். திரைக்கும் எனக்கும் நடுவே ஒருவர் நின்று தொலைபேசியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் முதுகைச் சுற்றித் தலையை வளைத்து வளைத்துப் பார்த்தேன்.

செங்காங் கணக்கர்

பேரனே, 1943இல் இருபது வயது என்று வைத்தாலும் 2024இல் சேனாபதிக்கு நூற்றொன்று. அந்த வயதில் இத்தனை பேரை அடித்து வீழ்த்துகிறார். என் அப்பாவுக்கு எழுபத்தெட்டு, பாதாள ரயில் நிலையத்தில் மின்படி ஏறவே என் கையைப் பிடிக்கிறார். நேதாஜியைப் பற்றிப் பேசாதது ஒரு குறையா? ஆளே இருக்க முடியாது என்பதல்லவா முதல் குறை!

உட்லண்ட்ஸ் பேரன்

கணக்கரே, வயதை நான் கேட்கவே இல்லை. தாத்தா இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். தொப்பியைத்தான் கேட்டிருப்பார்.

தோ பாயோ தம்பி

நான்காவது ஹாரி பாட்டர். ‘போட்டிக் கோப்பையில் உன் பெயரைப் போட்டாயா?’ என்று புத்தகத்தில் தலைமையாசிரியர் டம்பிள்டோர் ஹாரியிடம் அமைதியாகக் கேட்கிறார். 2005இல் வந்த படத்தில் ஓடிவந்து பையனின் தோளைப் பிடித்து உலுக்குகிறார். உலகமே கேலி செய்து ஓய்ந்துவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

முன்னாள் மெல்பர்ன் மாணவி

‘கிரேசி ரிச் ஏஷியன்ஸ்’. கெவின் குவான் 2013இல் எழுதிய நாவலை வாங்கி ஒரே மூச்சில் படித்திருந்தேன். 2018 ஆகஸ்டில் படம் வந்தபோது மெல்பர்னில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டு நினைப்பு வாட்டிய காலம். உடன் தங்கியிருந்த பெண்களை நான்தான் இழுத்துப் போனேன். “எங்கள் ஊரைப் பாருங்கள்” என்று பெருமை வேறு.

நியூட்டன் உணவங்காடி நிலையம் வந்தபோது உண்மையிலேயே அழுதுவிட்டேன். சாத்தே குச்சிகள் கரியில் திரும்பும்போது எழுகிற புகை எனக்கு மூக்கில் ஏறியது. ‘இதோ, இந்த நிலையத்தில்தான் நாங்கள் சாப்பிடுவோம்’ என்று பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தேன்.

அப்புறம் அந்த மாளிகையின் வாசல். தலைப்பாகை கட்டிய இரண்டு காவலர்கள், துப்பாக்கி முனையில் கத்தி. காரில் இருக்கும் பெண்கள் மிரள்கிறார்கள், அரங்கம் சிரிக்கிறது. பக்கத்தில் இருந்தவள் சிரித்தபடியே என் பக்கம் திரும்பினாள். திரும்பியவள் சிரிப்பைச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் திரும்பல்தான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அதன் பிறகு கதை முழுக்க நம் நிறத்தில் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டே இருந்தேன், வசனம் பேசுகிற முகமாக.

இத்தனைக்கும் நாவலில் அந்த வாசலில் நிற்பவர்கள் கூர்க்காக்கள். இங்கே காவல்துறையில் 1949 முதல் கூர்க்காப் படைப்பிரிவு இருக்கிறது என்று தெரிந்தவருக்கு அது பொருத்தமாகவே படும். படத்தில் ஏன் மாற்றினார்கள்? அந்த மாளிகைகூடச் சிங்கப்பூரில் இல்லை, கோலாலம்பூரில் இருக்கும் கார்கோசா ஸ்ரீ நெகாரா. நம் ஊர் வாசல் என்று காட்டியது நம் ஊர் வாசலே இல்லை.

பொத்தோங் பாசிர் ரசிகன்

மாணவி, அது பணக்காரச் சீனக் குடும்பம் ஒன்றின் கதை. அதில் நம்மவர்களை எங்கே வைப்பது? நாவலிலும் நாம் பெரிதாக வருவதில்லையே. ஹாலிவுட் படங்களைப் பார்க்கும்போது ஒன்றைக் கடைப்பிடியுங்கள்: முதலில் தயாரிப்பு நிறுவனம் எது என்று பார்த்து…

ஈசூன் வாசகி

ரசிகன் ஐயா, போதும். எந்தக் காட்சி என்றுதான் கேட்டேன். எந்த வரிசையில் உட்காருவது என்று கேட்கவில்லை. வயதானவர்களைத் திரையரங்குக்கு அழைத்துப் போகாதீர்கள் என்று எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

‘தில்லானா’வில் வெட்டினார்கள் என்கிறீர்கள். சண்முகசுந்தரத்தையோ மோகனாவையோ வெட்டவில்லையே! கதையை எந்த முகத்தில் முடிக்க வேண்டும் என்று கல்கி முடிவு செய்தாரோ, அந்த முகமே இல்லாமல் போவதும் கிளைக்கதை ஒன்று போவதும் ஒன்றா?

புக்கிட் பாஞ்சாங் சித்தி

சண்டை போதும், என் கதையைக் கேளுங்கள். சினிமா இல்லை, உள்ளூர்த் தொடர் ஒன்று. பெயர் வேண்டாம். முதல் பருவத்தில் கதாநாயகனின் அக்காவாக ஒருவர் வருவார். தொடர் அவரால்தான் ஓடியது என்பேன். இரண்டாம் பருவம் வரப்போகிறது என்றதும் வீட்டில் எல்லாரையும் சீக்கிரம் சாப்பிட வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் காட்சியிலேயே கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம். அக்கா! எப்படிச் செத்தாள், எதற்குச் செத்தாள், ஒரு வார்த்தை கிடையாது. தம்பி படத்துக்குக் கீழே உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சில மாதம் கழித்துத் தேக்கா சந்தையில் மீன் வாங்க நின்றேன். எனக்கு முன்னால் அவர். வௌவால் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் சும்மா இருக்குமா? “அம்மா, நீங்கள் எப்படிச் செத்தீர்கள்?” என்று கேட்டுவிட்டேன். மீன்காரர் கத்தியை அப்படியே நிறுத்திவிட்டார்.

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். “எனக்கே தெரியாது அக்கா. அடுத்த பருவத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். தொலைக்காட்சியைப் போட்டால் மாலையோடு தொங்குகிறேன். அந்தப் படம் என் தங்கை கல்யாணத்தில் எடுத்தது, அதையாவது கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம்.” பிறகு மீன்காரரிடம், “துண்டு கொஞ்சம் மெல்லிசாக” என்றார்.

மூன்றாம் பருவமும் வந்துவிட்டது. அந்தப் படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது, மாலையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.